தவணை

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில்
தவணை தவறியவர்களுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை.
இருபதைத் தாண்டுவது சிரமம் என்று
என் ஒன்பது வயதில் ஒரு டாக்டர் அப்பாவிடம் சொன்னார்.
இப்போது நாற்பத்தாறு.
கெடு முடிந்து இருபத்தாறு வருஷம்.
எனக்கு இன்னும் கடிதம் வரவில்லை.

அண்ணன் செங்குட்டுவனுக்கு ஒரு பால்பல்.
எல்லாப் பிள்ளைக்கும் விழுவதுதான்.
சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தாயிற்று.
நான்காம் நாளும் வாய் சிவப்பாகவே இருந்தது.
அம்மா துணி மாற்றிக்கொண்டே இருந்தாள்.
ஐந்தாம் நாள் கொடி நிறையத் துணி.
உதடு வெளுத்திருந்தது.

அதன்பிறகு எங்கள் வீட்டில்
அரிவாள்மனை பரணுக்குப் போனது.
எனக்கு சைக்கிள் இல்லை, கபடி இல்லை,
அறுப்புக் காலத்தில் வயல் இல்லை.
ஆனாலும் முழங்கால் தானாகவே உடைத்துக்கொள்ளும்.
வெளியே ஒரு சொட்டு வராது.
உள்ளே சுடும், பலாப்பிஞ்சு போலப் புடைக்கும்.
பனிக்கட்டியோடு தஞ்சாவூர் பஸ்.
மருந்து சில நாள் இருக்கும், சில நாள் இராது.
மூன்று மா நஞ்சை அப்படித்தான்
சின்னச் சின்னப் பாட்டில்களாகப் போனது.

முள்ளியாறு உடைப்பெடுத்த ராத்திரி
மணல்மூட்டை கைமாறுவதைப் பார்த்திருக்கிறீர்களா?
ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு,
லாரியிலிருந்து உடைப்பின் வாய்வரை.
ரத்தம் உறைவதும் அப்படித்தானாம்.
என் வரிசையில் எட்டாவது ஆள் பிறக்கவேயில்லை.
மூட்டை அந்த இடத்துக்கு வந்து
தண்ணீரில் விழும்.
புது ஊசி எட்டாவது ஆள் இல்லை என்கிறார் நர்ஸ் ஜெசிந்தா.
யாரோ வெளியூர்க்காரன்;
இடைவெளியில் நின்று
ஒன்பதாவது ஆளையும் பத்தாவது ஆளையும்
கைக்கு ஒருவராகப் பிடித்து
பக்கத்தில் இழுத்து நிறுத்துகிறான்.
அவ்வளவுதான்.
மூட்டை போய்ச் சேர்ந்துவிடுகிறது.
நாலு வாரத்துக்கு ஒருமுறை, வயிற்றுத் தோலுக்கடியில்,
கட்டெறும்பு கடித்த மாதிரி.

மூன்று வருஷமாக முழங்காலில் வெள்ளம் இல்லை.
நல்லதுதான்.
ஆனால் கடைமடைக்காரனைக் கேளுங்கள்:
வராது என்று கைவிட்ட வாய்க்காலில்
திடீரென்று தண்ணீர் வந்தால்
முதலில் வருவது சந்தோஷம் இல்லை.
ஐயோ, தூர்வாரவில்லையே.

நான் எதையும் தூர்வாரி வைக்கவில்லை.
சேமநிதிப் படிவத்தில் நாமினி கட்டம் காலி.
பூங்கோதையிடம் அன்றைக்கு,
விதவையாகிவிடுவாய், வேண்டாம் என்றேன்.
ஆனாள்.
வேறொருவருக்கு.
போன மாசம் நகைக்கடனுக்குக் கையெழுத்துப் போட வந்தவள்
"நீங்க நல்லா இருக்கீங்க" என்றாள்.
அது விசாரிப்பா, புகாரா,
பேனாவை மூடிய பிறகும் தெரியவில்லை.

தஞ்சாவூரில் இப்போது வேறு டாக்டர், சின்னப் பெண்.
உங்களை மாதிரி ஆட்கள் இந்த வயசுக்கு அதிகம் வந்ததில்லை,
புத்தகத்தில் பக்கம் கம்மி என்கிறாள்.
இதயத்துக்குப் போகும் குழாயில் கொழுப்பாம்.
ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை தரலாமா
என்று யோசிக்கிறார்கள்.
நான் சிரித்த சிரிப்பில்
வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

திரும்பும் வழியில் தென்னை நாற்றங்கால்.
கஜா புயல் பிடுங்கிய குழி இரண்டு
கொல்லையில் இன்னும் திறந்தே கிடக்கிறது.
குட்டையா நெட்டையா என்றார் அங்கிருந்தவர்.
குட்டை மூன்று வருஷத்தில் காய்க்கும்.
நெட்டைக்கு ஏழு.
ஆண்டுக்குப் பதின்மூன்று ஊசி;
ஏழு ஆண்டுக்குத் தொண்ணூற்றொன்று.
மனசுக்குள் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தேன்.
நெட்டைப் பிள்ளை இரண்டு வாங்கினேன்.
ரசீதும் கேட்டேன்.